சாடியில் ஓர் ஆலமரம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்ப்பெயர்களையும் சந்திப்பெயர்களையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பவர்க்கு, அங்கு வாழ்ந்த மக்கள் மரத்தை அடையாளமாகக் கொண்டே இடத்தை அறிந்து வந்தனர் என்பது புலனாகும். அரசடி, ஆலடி, புளியடி, வேம்படி, மருதடி, நாவலடி, இலுப்பையடி என்று அப்பெயர்கள் நீண்டு செல்லும். மலையும் பேராறும் இல்லாத சமநிலத்தில் வழிப்போக்கனுக்கு வேறு அடையாளம் ஏது? மரம் பட்டுப்போய்ப் பல்லாண்டுகள் கழிந்த பின்பும் பெயர் மட்டும் நின்றுவிட்ட சந்திகள் பலவுண்டு. இக்காலத்தில் வளவுகள் பிள்ளைகளுக்கெனப் பங்கிடப்பட்டுச் சிறுத்துவிட்டன. இரண்டு பரப்புக் காணியில் வீடும் கிணறும் அமைந்த பின் ஓர் ஆலமரத்துக்கோ அரசமரத்துக்கோ இடம் எங்கே இருக்கும்? வைத்தாலும் அதன் வேர் கிணற்றுக் கட்டைப் பிளந்து, அயலவர் மதிலையும் அசைத்து, மரம் வளருமுன் வழக்கு வளர்ந்துவிடும்.

அத்தகைய மரங்களை ஒரு முழ உயரத்தில், ஒரு தட்டச் சாடியில், மூப்பின் தோற்றம் குன்றாமல் வளர்க்கும் கலை ஒன்று உண்டு. அதனை யப்பானியர் ‘போன்சாய்’ என வழங்குவர். ‘போன்’ என்பது தட்டம் போன்ற சாடி. ‘சாய்’ என்பது நடுதல். ஆகவே சாடியில் நட்டது என்பதே அச்சொல்லின் பொருள். தமிழில் இதனைக் குறுமரம் எனலாம். இக்கலை பிறந்த இடம் சீனம். 706 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சாங்ஹுவாய் இளவரசரின் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு செடியும் கல்லும் அமைந்த தட்டங்களைப் பணியாளர் ஏந்திச் செல்லும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. பௌத்தத் துறவியர் வழியாக யப்பானுக்குச் சென்ற அக்கலை அங்கே செம்மை பெற்றது. 1923 ஆம் ஆண்டில் தோக்கியோவைப் பெருநிலநடுக்கம் அழித்தபோது, அந்நகரத்துக் குறுமரத் தோட்டக்காரர் சிலர் நல்ல நீரும் மண்ணும் காற்றும் தேடி ஓமியா என்னும் இடத்துக்குச் சென்று, 1925 ஆம் ஆண்டில் அங்கே தமக்கென ஓர் ஊரையே அமைத்துக்கொண்டனர். மரங்களையும் உடன் கொண்டுசென்றனர். பெயர்த்துக்கொண்டு போகக்கூடிய தோட்டம் என்பது இக்கலையின் தனிச்சிறப்பு.

சாடியில் மரம் கொண்டுவந்த செய்தி குடாநாட்டுக்குப் புதிதன்று. அசோகப் பேரரசரின் மகள் சங்கமித்தை, புத்தகயையிலிருந்த போதிமரத்தின் தென்கிளையைப் பொற்சாடியில் ஏந்திக் கடல்வழியாகச் சம்புகோளத் துறையில் வந்திறங்கினார் என்றும், தேவநம்பியதீசன் கழுத்தளவு நீரில் இறங்கி நின்று அதனை வரவேற்றான் என்றும் மகாவம்சம் கூறுகின்றது. அச்சம்புகோளம் மாதகலுக்கு அண்மையிலுள்ள சம்பில்துறையே என்பர் ஆய்வாளர். கிளை அநுராதபுரம் சென்று நாட்டப்பட்டது; அதிலிருந்து தோன்றிய கன்றுகளுள் ஒன்று சம்புகோளத்திலும் நாட்டப்பட்டதாக அந்நூல் சொல்லும். அது குறுமரக் கலை ஆகாது; நிலத்தில் நடுவதற்கென்று கொண்டுவரப்பட்ட கன்று அது. எனினும் அரசமரம் சாடியில் நெடுந்தொலைவு பயணம் செய்தும் பிழைக்கும் என்னும் அறிவு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இக்கரையில் இருந்தது.

குறுமரம் என்றவுடன் பலர்க்குச் சில ஐயங்கள் தோன்றும். இவை தனிச்சாதிக் குள்ள மரங்களோ என்பது முதலாவது. அன்று. தெருவோரத்து ஆலும் சாடியில் நிற்கும் ஆலும் ஒரே வித்தின் மக்கள். சாடியில் நிற்பதனைப் பெயர்த்து நிலத்தில் ஊன்றினால் சில ஆண்டுகளில் அது தன் முன்னோரைப் போலப் பரந்து எழும். மரத்துக்குச் சோறும் நீரும் மறுத்துப் பட்டினி போட்டே இவ்வாறு குறுக்குகின்றனர் என்பது இரண்டாவது ஐயம். பட்டினி கிடக்கும் மரம் பட்டுப்போகும். குறுகி அழகாக நிற்காது. தளிரைக் கிள்ளுவதும் வேரைக் குறைப்பதும் உண்மையே. ஆனால் வேலிக் கிளுவையை ஆண்டுதோறும் வெட்டி ஆட்டுக்குக் குழை போடுபவர், முருங்கையை ஆண்டுக்கொருமுறை மொட்டையாக்குபவர், மல்லிகைக் கொடியைக் கத்தரிப்பவர் எவரும் கொடுமை செய்வதாக எண்ணுவதில்லை. மரத்தின் உடலமைப்பு விலங்கின் உடலமைப்புப் போன்றதன்று. வெட்டிய இடத்துக்குக் கீழே உறங்கிக் கிடந்த அரும்புகள் விழித்துக்கொள்வதே அதன் இயல்பு. குறுமரம் வீட்டில் இருந்தால் குடும்பம் குறுகிவிடும் என்று சிலர் அஞ்சுவதும் உண்டு. ஆலையும் அரசையும் வீட்டருகே வளர்க்கலாகாது என்று பெரியோர் விதித்தமைக்கு வேர் சுவரைப் பிளக்கும் என்ற பட்டறிவு காரணமாக இருந்தது. அவ்விதி சாடிக்குப் பொருந்த வேண்டுவதில்லை.

குடாநாட்டவர் எவரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. பனையைக் குறுமரமாக்கலாமா என்பதே அது. கேள்வியில் உள்ள அன்பு போற்றத்தக்கது. விடை மட்டும் இல்லை என்பதே. பனைக்கும் தென்னைக்கும் வளரும் குருத்து ஒன்றே. அதனைக் கிள்ளினால் வேறு கிளை தோன்றாது, மரமே மாளும். மேலும் பனங்கொட்டை முளைக்கும்போதே ஆழமாக மண்ணுக்குள் இறங்குகின்றது. கிழங்கு கிண்டியவர் அதனை அறிவர். தட்டச் சாடியில் அதற்கு வாழ்வில்லை. பனையைப் பனையாகவே விடுவது நல்லது.

இனி, எதனைக் கொண்டு தொடங்குவது? இங்கே குடாநாட்டவர்க்கு இயல்பாக அமைந்த நன்மை ஒன்று உண்டு. பூவரசு, கிளுவை, முருங்கை, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை மாரி மழைக்குச் சற்று முன்னே வெட்டி வரிசையாக ஊன்றி, அவை வேர்விட்டுத் தழைத்து உயிர்வேலியாக நிற்கச் செய்வது இந்நாட்டு வழக்கம். தடித்த கொம்பொன்று வேர்கொள்ளும் காலம் எது, எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும், எவ்வளவு ஆழம் ஊன்ற வேண்டும் என்பவற்றையெல்லாம் இங்கு எழுத்தறியாதவரும் அறிந்திருந்தனர். பிறநாட்டுத் தொடக்கக்காரர் நூல் பார்த்துக் கற்கும் பாடம் இங்கே வேலியடைப்பில் கிடைக்கின்றது. இன்று வேலிகள் அருகிச் சீமெந்து மதில்கள் எழுகின்றன. மதில் கட்டுவதற்கெனப் பிடுங்கி எறியப்படும் முதிய கிளுவைக் கதியாலே தொடக்கக்காரனுக்கு மிகச் சிறந்த மரம். ஆண்டுதோறும் வெட்டுண்டு வெட்டுண்டு அதன் அடி பருத்து முடிச்சுகளோடு நிற்கும். தண்டில் நீர் சேமித்து வைப்பது ஆகையால் ஒருநாள் மறந்தாலும் மன்னிக்கும். அதன் இலையும் சிறியது. பூவரசு அவ்வளவு ஏற்றதன்று. இலை பெரிதாகையால் சிறு சாடியில் பொருத்தமற்றுத் தோன்றும்.

அடுத்தது ஆலும் அரசும் இத்தியும். இவற்றைக் கன்றாகத் தேடி அலைய வேண்டுவதில்லை. பறவைகள் பழத்தை உண்டு எச்சமிட்ட இடங்களிலெல்லாம் முளைக்கின்றன. கிணற்றுக் கட்டின் வெடிப்பிலும், கோயில் மதிலிலும், கூரைப் பீலியிலும் அவை நிற்கக் காணலாம். இவ்விடத்தில் குடாநாட்டின் அண்மைக்கால வரலாறு குறுக்கிடுகின்றது. 1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே ஓரிரவில் பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. போர் 2009 ஆம் ஆண்டில் முடிந்த பின்னர் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஆம் ஆண்டு யூலையிலேயே திரும்பக் கிடைத்தது. இருபத்தேழு ஆண்டுகள் கழித்துத் தம் வளவுக்குள் கால்வைத்தவர் கண்டது என்ன? கூரையில்லா வீடும், அதன் சுண்ணக்கற் சுவரை வேரால் கட்டிப் பிடித்து நின்ற ஆலும் அரசுமே. சில இடங்களில் சுவரை விழாமல் தாங்கி நின்றதும் அந்த வேரேயாம். வீட்டை மீளக் கட்டுவதற்கு அம்மரங்களை அகற்றியே ஆகவேண்டும். பெரியவை வாளுக்கு இரையாயின. ஆனால் சுவரின் உச்சியில், மண்ணின்றி, சுண்ணாம்புப் பிளவில் வேரோடி, கோடையிற் காய்ந்தும் மாரியிற் தழைத்தும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் நின்றும் இரண்டடி உயரம் தாண்டாத மரங்கள் உண்டு. யப்பானியர் மலைப்பாறைகளில் தேடியெடுத்துப் பெருமதிப்புக் கொடுத்த மரங்கள் அத்தகையனவே. இயற்கையே பாதி வேலையைச் செய்து வைத்திருக்கின்றது.

அவற்றை எடுக்குமுன் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று முறைப்படி அறிவிக்கப்பட்ட காணியிலன்றி, எந்தப் பாழ்வீட்டிலும் கல்லைப் புரட்டலாகாது. ஒரு மரத்துக்காகக் காலை இழப்பது அறியாமை. பிறர் காணியாயின் உரியவரைக் கேட்டு எடுப்பதே முறை. ஒதுக்கக் காடுகளிலும் கண்டற் கரைகளிலும் மரம் தோண்டுவது சட்டத்துக்கு மாறானது.

மரத்தை இழுத்துப் பிடுங்குதல் கூடாது. உளியும் சுத்தியலும் கொண்டு சுவர்க்கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, வேர் எவ்வளவு முழுமையாகக் கிடைக்குமோ அவ்வளவும் பெறவேண்டும். வேண்டிய உயரத்துக்கு மேலுள்ள தண்டையும் கிளைகளையும் கூரிய வாளால் துணித்து, வடியும் பாலை ஈரத்துணியால் ஒற்றி நிறுத்தலாம். அப்பால் சிலருடைய தோலில் தினவை உண்டாக்கும். கண்ணிற் படாமல் காத்துக்கொள்ள வேண்டும். பின்னர் மரத்தை ஆழமும் அகலமும் உடைய சாதாரணப் பூச்சாடியிலோ பழைய வாளியிலோ நட்டு, அசையாமல் கட்டி, நிழலில் வைப்பது முறை. மேலே ஒரு பொலித்தீன் உறையைத் தளர்வாகக் கவிழ்த்தால் ஈரம் தங்கும். ஐப்பசியில் முதல் மழை விழுந்து காற்றின் வறட்சி நீங்கிய பின் இவ்வேலையைச் செய்தால், ஆலினம் பெரும்பாலும் ஏமாற்றாது. சில கிழமைகளில் வெட்டுக்குக் கீழே செந்தளிர் முத்தாகத் தோன்றும். தளிர் தோன்றியவுடன் மகிழ்ந்து வெயிலுக்கு இழுப்பவர் மரத்தை இழப்பர். தண்டில் சேமித்த உணவால் தோன்றும் தளிர் அது. வேர் இன்னும் ஊன்றியிராது. இலைகள் முழுமையாக விரிந்து கடினப்படும் வரை பொறுத்து, பின்பு சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குவதே தக்கது.

தொடக்கக்காரர் செய்யும் பெருந்தவறு இதற்குப் பின்னரே நிகழ்கின்றது. அழகிய தட்டச் சாடியைக் கண்டவுடன் மெல்லிய கன்றை அதில் நட்டு, அது நாளடைவில் தடித்த முதுமரமாகும் என்று காத்திருப்பர். பத்தாண்டு காத்தாலும் அது மெல்லிய கன்றாகவே நிற்கும். தண்டு பருப்பது இலைகளின் உழைப்பால். இலை மிகுதியாக வேண்டுமாயின் வேருக்கு இடம் மிகுதியாக வேண்டும். ஆகவே குறுமரமாக வேண்டியதை முதலில் பெருமரமாக வளரவிட வேண்டும் என்பதே இக்கலையின் விந்தை. கன்றிலிருந்து தொடங்குபவர் மூன்று நான்கு ஆண்டுகள் நிலத்திலோ பெருஞ்சாடியிலோ அதனைத் தடையின்றி வளர்த்து, தண்டு வேண்டிய பருமன் அடைந்தபின் குறுக வெட்டி, புதுக்கிளை ஒன்றைத் தலைமையாக்கி, அதுவும் தடித்தபின் மீண்டும் வெட்டவேண்டும். அடி பருத்து நுனி மெலிந்து வரும் அமைப்பு இவ்வாறே உண்டாகின்றது. சுவரிலிருந்து எடுத்த மரத்துக்கும் வேலிக் கதியாலுக்கும் இந்தக் காத்திருப்பு மிகக் குறைவு. அவற்றைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் அதுவே.

மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். குடாநாட்டில் குறுமரங்கள் பெரும்பாலும் மண்ணாலும் நீராலுமே அழிகின்றன. கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பகுதிகளின் செம்மண் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் வாழைக்கும் பொன் போன்றது. அதே செம்மண் இரண்டங்குல ஆழச் சாடியில் மழைக்காலத்தில் குழம்பாகி வேரை மூச்சுத் திணறச் செய்யும். கோடையில் இறுகிச் செங்கல்லாகும். நீர் ஊற்றினால் மேலே ஓடி வழிந்துவிடும்; உள்ளே வேர் வறண்டு கிடக்கும். கடற்கரை மணலும் உதவாது. அதில் உப்பும் சிப்பித்தூளும் உண்டு. கூரை ஓடுகளே இங்கு கைகண்ட பொருள். இடிந்த வீட்டின் பழைய ஓட்டை உடைத்து, சல்லடையால் அரித்து, தூளை நீக்கி, உளுந்துக்கும் கடலைக்கும் இடைப்பட்ட பருமனுள்ள துண்டுகளை எடுத்துக்கொள்ளலாம். அவ்வோட்டுத் துண்டு இரண்டு பங்கு, கழுவிய பருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய இலைகுழை ஒரு பங்கு சேர்ப்பது நல்ல கலவை. ஓட்டுத் துண்டு நீரைச் சிறிது உறிஞ்சி வைத்து மெல்லக் கொடுக்கும். துண்டுகளுக்கிடையே காற்று நிற்கும். சுவர்ச் சுண்ணாம்பும் காரைத் துண்டும் கலவாமற் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீரின் கதையும் சுண்ணாம்பின் கதையே. குடாநாடு சுண்ணக்கற் பாறையின் மேல் அமைந்தது. மழைநீர் அப்பாறையின் வெடிப்புகளில் இறங்கியே கிணறுகளில் ஊறுகின்றது. ஆகவே நல்ல கிணற்று நீரிலும் சுண்ணாம்பு கரைந்திருக்கும். கரையோர ஊர்களில் உப்பும் சேர்ந்து சவர்நீராகும். நிலத்து மரத்துக்கு மாரி மழை ஆண்டுதோறும் உப்பைக் கழுவிவிடும். சாடியிலோ நாள்தோறும் ஊற்றும் நீர் ஆவியாக, சுண்ணாம்பும் உப்பும் மண்ணிலேயே தங்கும். சாடியின் விளிம்பில் வெள்ளைப் படலம் படிவதும், புதுத்தளிர் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க இடையெல்லாம் மஞ்சளாவதும் அதன் அறிகுறிகள். மழைக்காலத்தில் கூரைநீரைப் பீப்பாயில் பிடித்து மூடி வைத்து, கோடையில் கிழமைக்கு இரண்டுமுறையாவது அதனை ஊற்றினால் மரம் நன்றி பாராட்டும். நுளம்பு புகாமல் மூடி இறுக்கமாக இருத்தல் வேண்டும் என்பதைச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லுமுன் தாமே செய்துகொள்வது நல்லது. எத்தனை முறை நீர் ஊற்றுவது என்று கேட்போர்க்குக் கணக்கு எதுவும் கூற இயலாது. விரலை மண்ணில் ஒரு கணு ஆழம் நுழைத்துப் பார்த்து, ஈரம் குறைந்திருந்தால் ஊற்றுதலும், ஊற்றும்போது சாடியின் அடித்துளைகளால் நீர் வெளியேறும் வரை ஊற்றுதலுமே முறை. வைகாசி முதல் ஆவணி வரை சோளகக் காற்று வீசும் நாட்களில் காலையும் மாலையும் நீர் வேண்டும். அக்காற்று இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சிவிடுமாகையால், சாடியை வீட்டின் கிழக்குப்புறத்து மறைவில் வைப்பது தக்கது. கார்த்திகை அடைமழையில் இதற்கு மாறான இடர் தோன்றும். அப்போது சாடியின் ஒரு பக்கத்தின் கீழ் ஓட்டுத் துண்டொன்றைச் செருகிச் சாய்த்து வைத்தால் மிகைநீர் விரைந்து வடியும்.

உரத்துக்கு எள்ளுப் பிண்ணாக்கும் வேப்பம் பிண்ணாக்குமே போதும். யப்பானியரும் கடுகின விதைப் பிண்ணாக்கையே நெடுங்காலமாகக் குறுமரங்களுக்கு இட்டு வருகின்றனர். சிறு உருண்டையாக்கி மண்ணின் மேல் ஓரத்தில் வைத்தால் நீருற்றுந்தோறும் கரைந்து இறங்கும். புதிதாக நட்ட மரத்துக்கும் நோயுற்ற மரத்துக்கும் உரமிடுதல் கூடாது. எறும்புகள் தண்டில் ஏறி இறங்கத் தொடங்கினால் இலைக்காம்புகளை உற்று நோக்க வேண்டும்; வெண்பஞ்சு போன்ற மாப்பூச்சிகளை அவை காத்து வளர்ப்பது உண்டு. பழந்துணியால் துடைத்து வேப்பெண்ணெய் கலந்த சவர்க்கார நீரைத் தெளித்தால் பெரும்பாலும் நீங்கும்.

வடிவம் கொடுப்பதே பலரும் விரைந்து செய்ய விரும்பும் பகுதி. மரம் சாடியில் ஓராண்டேனும் நிலைத்த பின்னரே அதனைத் தொடங்குதல் நலம். முதலில் மரத்தைச் சுற்றிப் பார்த்து, வேர் நன்கு பரந்து தோன்றும் பக்கத்தை முகமாகக் கொள்ள வேண்டும். ஒன்றையொன்று குறுக்கிடும் கிளைகளையும் நேர்கீழாகவும் நேர்மேலாகவும் செல்வனவற்றையும் நீக்கினால், எஞ்சியவை தாமே ஒரு வடிவத்தைச் சுட்டும். கிளையை வளைக்க அலுமினியக் கம்பி சுற்றுவது வழக்கம். கிளைப் பருமனில் மூன்றிலொரு பங்கு பருமனுள்ள கம்பி போதும். ஆலினக் கிளைகள் இங்குள்ள வெப்பத்தில் விரைந்து தடிப்பதால் கம்பி தோலில் புதைந்து நீங்காத் தழும்பு உண்டாக்கும். கிழமைதோறும் பார்த்து, புதையுமுன் வெட்டி எடுக்க வேண்டும். திருகி அவிழ்த்தால் கிளை முறியும். கம்பி கிடைக்காதோர் கவலைப்பட வேண்டியதில்லை. புடலங்காய் நேராக வளர நுனியில் கல் கட்டித் தொங்கவிடும் தோட்டக்காரருக்கு, கிளையைத் தாழ்த்துவதற்கும் கல் கட்டலாம் என்பதைச் சொல்லித் தரவேண்டுமா? நூலால் கட்டிச் சாடியின் விளிம்போடு இழுத்து வைப்பதும் உண்டு.

எந்த வடிவம் நல்லது என்பதற்கு யப்பானிய நூல்கள் பல இலக்கணம் வகுத்துள்ளன. அவற்றைப் படிப்பதில் தீங்கில்லை. ஆயினும் அவை பெரும்பாலும் பைன் மரத்துக்கு எழுதப்பட்டவை. ஆலைப் பைனாக வளைப்பது பொருந்தாத அணி. ஆலுக்கு அழகு விழுது. மாரிக்காலத்து ஈரக்காற்றில் கிளையிலிருந்து செந்நூல் போல் விழுதுகள் இறங்கத் தொடங்கும்; தை பிறந்து வறட்சி வந்ததும் நுனி கருகிவிடும். குளிர்பானம் உறிஞ்சும் குழலொன்றை நீளவாக்கில் பிளந்து விழுதைச் சுற்றி வைத்து, உள்ளே ஈரமண் நிரப்பினால் அது மண்ணைத் தொட்டு வேரூன்றும். ஊன்றிய விழுது தடித்துத் தூணாகும். காற்றுக்குச் சாய்ந்த மரத்தின் வடிவம் வேண்டுமாயின், மணற்காட்டு மணற்குன்றுகளின் ஓரத்துச் சவுக்கு மரங்களைப் பார்க்கலாம். பருத்த அடிமரத்துக்கு நெடுந்தீவின் பெருக்கமரம் இருக்கின்றது. அதன் விதை முளைத்த கன்றும் சாடியில் அடி வீங்கி நன்கு வளரும். ஆனால் மழைக்காலத்தில் நீர் மிகுந்தால் கிழங்கு போல் அழுகும். புளி, நாவல், விளா, மருதோன்றி, கடதாசிப்பூ ஆகியனவும் ஏற்றவை. வேம்பின் இலை நீளமாகையால் அத்துணைச் சிறப்பாக அமைவதில்லை.

தட்டச் சாடிக்கு மாற்றும்போது சாடியின் ஆழம் அடிமரத்தின் பருமனளவும், நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றிலிரண்டு பங்கும் இருப்பது கண்ணுக்கு இயைவாகத் தோன்றும். அடியில் துளை பெரிதாக இருத்தல் இன்றியமையாதது. துளைமேல் வலைத் துண்டொன்றை வைத்து, அத்துளை வழியே கம்பி செலுத்தி மரத்தின் வேர்ப்பகுதியைச் சாடியோடு கட்டிவிட வேண்டும். அசையும் மரத்துக்குப் புதுவேர் நிலைக்காது. பின்னர் இரண்டாண்டுக்கு ஒருமுறை மரத்தை வெளியே எடுத்து, ஈர்க்குக் கொண்டு வேர்களைக் கோதி, மூன்றிலொரு பங்கைக் கத்தரித்து, புதுமண்ணிட்டு நடுவது வழக்கம். இரண்டு மூன்று கிழமை நிழலில் இருந்தால் மரம் முன்னினும் செழிக்கும்.

குறுமரம் வீட்டுக்குள் வைக்கும் அணிகலன் என்று பலர் கருதித் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் அமர்த்துகின்றனர். அது வெளியில் வாழும் மரம். வெயிலும் பனியும் அதற்கு வேண்டும். விருந்தினர் வரும் நாளில் உள்ளே கொண்டுவந்து, மறுநாள் வெளியே வைத்துவிட வேண்டும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் உறவினர்க்கு இவ்விதி தலைகீழாகும். அங்கே குளிர்காலத்தில் ஆலை வெளியில் விட்டால் ஓரிரவில் முடிந்துவிடும். கோடையில் வெளியிலும் குளிரில் ஒளிமிக்க யன்னலோரத்திலும் அதனை வைத்திருப்பர்.

உறவினரைப் பற்றிச் சொல்லும்போது, இக்கலையில் எவரும் முதலில் எண்ணாத சிக்கலொன்று எழுகின்றது. நிலத்து மரம் மனிதரின்றியும் வாழும்; மயிலிட்டியில் இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்து காட்டியது. சாடி மரமோ கோடையில் மூன்று நாள் கையின்றி இருந்தால் மாளும். வாஷிங்டனிலுள்ள தேசிய மரத்தோட்டத்தில் ஒரு வெண்பைன் குறுமரம் உண்டு. 1625 ஆம் ஆண்டிலிருந்து வளர்க்கப்படும் அம்மரம் ஹிரோஷிமாவில் யமாகி என்னும் தோட்டக்காரக் குடும்பத்தின் உடைமையாக இருந்தது. 1945 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 ஆம் நாள் அணுகுண்டு வீழ்ந்தபோது, அவ்விடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில், உயர்ந்த மதிலொன்றின் மறைவில் நின்று அது தப்பியது. 1976 ஆம் ஆண்டில் யப்பான் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த 53 குறுமரங்களுள் அதுவும் ஒன்று. குண்டுக்குத் தப்பிய செய்தியைக் கொடுத்தவர் வலியுறுத்திச் சொல்லவில்லை; 2001 ஆம் ஆண்டில் அவருடைய பேரர் இருவர் அங்கு சென்று கூறியபோதே காப்பாளர் அறிந்தனர். மதில் காத்தது ஒருநாள். அதற்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய நானூறு ஆண்டுகள், ஒவ்வொரு கோடையிலும் ஒவ்வொரு நாளும், எவரோ ஒருவர் நீர் ஊற்றியிருக்கின்றனர்.

யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் இன்று முதியோர் இருவரே உளர். பிள்ளைகள் கடல்கடந்து சென்றுவிட்டனர். ஐம்பதாண்டு வாழக்கூடிய மரத்தை அறுபது வயதில் தொடங்கலாமா என்பது உண்மையான கேள்வியே. தொடங்கலாம், ஆனால் தனியே தொடங்குதல் தகாது. அயல்வீட்டுப் பிள்ளை ஒருவனோ ஒருத்தியோ முதல் நாளிலிருந்தே உடனிருந்து, மண் அரித்து, வேர் கோதி, விரல் நுழைத்து ஈரம் பார்க்கப் பழக வேண்டும். இரண்டு மூன்று மரங்களுள் ஒன்றை அப்பிள்ளைக்கே உரிமையாகக் கொடுத்துவிட்டால், மற்றவற்றுக்கும் கை வந்துசேரும். நான்கைந்து நாள் வெளியூர் செல்லும்போது சாடிகளைக் கிணற்றடி நிழலில் ஈரமணலில் பாதியளவு புதைத்து வைத்தால் வறட்சி தாமதமாகும்.

பார்ப்பார் எவருமில்லாமல் வீட்டைப் பூட்டிச் செல்ல நேருமாயின், மரத்தைச் சாடியிலேயே விட்டுச் செல்லலாகாது. ஐப்பசி மழை தொடங்கும் நாளில், வேரைக் கட்டிய கம்பியை அறுத்து, கோயில் வீதியிலோ பாடசாலை வளவிலோ குளக்கரையிலோ, கிணற்றுக்கும் கட்டடத்துக்கும் நெடுந்தொலைவில், உரியவரின் இசைவோடு நட்டு, ஆடு மாடு கடியாமல் பனைமட்டையால் சுற்றி அடைத்துவிட வேண்டும். முதல் ஆண்டு அது சாடியில் நின்ற உயரத்திலேயே நிற்கும். இரண்டாம் மாரியில் கிளைகள் நீளும். இலைகள் பழைய அளவுக்குப் பெருக்கும். அதன் பிறகு அதற்கு எவரும் நீர் ஊற்ற வேண்டியதில்லை.